யார் கையில் கற்பூரம்

தோட்டத்து மண்சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். இடது தோளில் துணிப்பை. வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. துணிக்குள்ளே உள்ளங்கை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கோயில் மணி கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை போன இடத்தையெல்லாம் திரும்பிப் பார்ப்பதென்றால் என் கழுத்து எப்போதோ சுளுக்கியிருக்கும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. தெரிந்த ஓட்டுநர்தான்.

"என்னண்ணே நடந்து போறீங்க? மோட்டார் சைக்கிள் எங்க?"

"கம்பெனி மோட்டார். குடுத்துட்டு வாரேன்."

"ஏறுங்கலா. சுங்கை சிப்புட் வரைக்கும் போறேன்."

ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவன் என் கையைப் பார்த்தான்.

"நெசமாவே சூடத்தைக் கையில வச்சீங்களா? லயத்துல சொன்னாங்க, நான் நம்பல."

"வச்சேன்."

"சுட்டிச்சா?"

"நெருப்பு வேற என்ன செய்யும்?"

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். டவுன் வரைக்கும் சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்கு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கே சுற்றி வருவது, வாசலில் யாரை நிறுத்துவது, எப்போது விளக்கடிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பால்மரம் சீவினேன், லோரியில் மூட்டை ஏற்றினேன், பாகான் செராயில் நெல் ஆலையில் தூசி தின்றேன், தெலுக் இந்தானில் மீன் பெட்டி தூக்கினேன். எனக்கே அந்த வழக்கமெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ஒரு கூட்டம் ஒருவனைச் சுட்டிக்காட்டி 'இவன்தான் திருடன்' என்று சொல்லும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "பிடிக்கிறது உன் வேலை, தீர்ப்பு சொல்றது உன் வேலை இல்ல" என்பார். நல்ல பேச்சு. பல இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உங்கள் கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும்.

அந்தத் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். முன்பு ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. மரம் மாறியபோது ஆட்களும் போய்விட்டார்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில் இருந்தன. லயத்துக்கும் என் காவல் கொட்டகைக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். அதன் முன்னால் காவல் தெய்வம் முனியாண்டியின் சிலை. கோயில் நிற்கிற நிலம் தோட்டக் கம்பெனியுடையது. இடம் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தது. கோயில் தலைவர் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டு வந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் போலீசைக் கூப்பிடாததற்குக் காரணம் இதுதான்.

திருவிழாவுக்கு முன்பு கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த நாட்களில் அம்மன் கழுத்துத் தாலியின் தங்கப் பொட்டு காணாமல் போனது. தோட்டத்துச் சனங்கள் ரப்பர் காலத்தில் சேர்ந்து செய்து போட்ட பொட்டு. நான் அன்று அங்கே இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் ஈப்போ போயிருந்தேன். திரும்பி வந்தபோது கோயில் முன்னால் கூட்டம் நின்றது.

உள்ளே போய் வந்தவர்கள் என்று மூன்று பேரைச் சொன்னார்கள். பூசை செய்யும் பண்டாரம், கோயில் கூட்டிப் பெருக்கும் அஞ்சலை, சுவருக்கு வெள்ளையடித்த மணியம். பண்டாரத்தை யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் நேராக மணியத்திடம் போனது. மணியம் இளவயதில் ஒரு வீட்டை உடைத்துத் திருடியதற்குச் சிறை போனவன். பிரம்படியும் வாங்கியவன். வெளியே வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. குலை வெட்டினான், புல் வெட்டினான், கூப்பிட்ட வேலைக்கெல்லாம் வந்தான். தினமும் மத்தியானம் என் கொட்டகைக்கு வந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். ஒருநாள் அவன் செருப்பில் ஆணி ஏறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தான். "என்னடா, காலா மரக்கட்டையா?" என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துல திருடுனா கைய வெட்டுவாங்கலா. வீட்டுக்குப் பூட்டே கெடையாது" என்றான் ஒருவன்.

"ஒன் வீட்டுக்கு இப்பவும் பூட்டு கெடையாது. உள்ள என்னா இருக்கு எடுக்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

"ராசா காலத்துல கழுவுல ஏத்துவாங்க."

"நம்ம தாத்தா காலத்துல மொட்டையடிச்சி, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, காலையில வேலைக்கு ரோல்கால் எடுக்கிற எடத்துல நிக்க வைப்பாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் திருடுவானா?"

கோயில் கூத்துகளில் இதையெல்லாம் பார்த்துக் கைதட்டி வளர்ந்தவன்தான் நானும். அதனால் அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

தலைவர் கை உயர்த்தினார். அமைதியானவர். கெட்டவரும் இல்லை. லயத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேன் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"போலீசு வந்தா கம்பெனி வரும். கம்பெனி வந்தா கோயில் போயிரும். நம்ம வழக்கம் இருக்கு. முனியாண்டி கேட்கட்டும்" என்றார்.

வழக்கம் என்னவென்றால், குற்றம் சாட்டப்பட்டவன் குளித்துவிட்டு வந்து, எரியும் கற்பூரத்தை வெறும் கையில் ஏந்தி முனியாண்டியை ஒரு சுற்று வர வேண்டும். கீழே போட்டால் பொய்யன். போடாமல் வந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். கை சுத்தமாக இருந்தால் வழக்கு முடிந்தது. புண் இருந்தால், முதல் நாள் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். அவனைத் தள்ளி வைப்பார்கள். அவன் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

நான் மணியத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். "வேணாம்னா சொல்லு. நான் கம்பெனிக்குப் போன் பண்ணுறேன். முறையா விசாரிக்கட்டும்" என்றேன்.

"அண்ணே, போலீசு வந்தா மொதல்ல கம்ப்யூட்டர்ல என் பேரத் தட்டிப் பாப்பாங்க. பழசு வரும். அப்பறம் நான் என்ன சொன்னாலும் காது கேக்காது அவங்களுக்கு" என்றான். "கோர்ட்டுல எனக்காக யாரோ பேசுனாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ஜெயிலுக்குள்ள போனா வெறும் நம்பர். இங்க சாமி முன்னால நானே பேசலாம். என் கை பேசும். விடுங்கண்ணே, நான் தூக்குறேன்."

அவன் முகத்தில் பயமே இல்லை. பழைய சட்டத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்லுவேன். அந்த மனிதனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வழக்காடும் இடம் அதுதான். அரசாங்கத்துச் சட்டம் அவனை அடித்து முடித்து, கணக்கைத் தீர்த்து அனுப்பியது. ஆனால் அவனை விடவில்லை. கற்பூரச் சட்டமாவது ஒரு சுற்றில் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். மணியம் ஈர வேட்டியோடு வந்து நின்றான். பண்டாரம் அவன் வலது கையில் கட்டிக் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். மணியம் நடந்தான். அவசரப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. பின்பக்கம் போய் மறைந்து மறுபக்கம் வந்தபோது சுடர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கற்பூரம் தானாக அணையும்வரை அவன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். உழைத்துக் காய்ப்பேறிய கை என்று ஒரு மூலையில் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தலைவர் வந்து மணியத்தின் தோளில் துண்டு போட்டார். அவனைச் சந்தேகப்பட்டு முதலில் பேசியவன், எல்லாரும் பார்க்க, "மன்னிச்சிரு மச்சான்" என்றான். அன்று கோயில் சோற்றை அவன் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருவர் இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார். சிறையிலிருந்து வந்த நாளிலிருந்து அவனை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை. எந்த நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டியவன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தலைவர் சொன்னார், "அப்ப அடுத்த வெள்ளி அஞ்சலை."

அஞ்சலை அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

அந்த வாரம் மணியம் தேத்தண்ணீர் குடிக்க வரவில்லை. ஒருநாள், இரண்டுநாள் என்று விட்டுவிட்டு, நானே அவன் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தான். வலது கையில் குலை வெட்டுகிறவர்கள் போடும் தடித்த கையுறை. வீட்டுக்குள்ளே ஒரு வாடை. செத்த எலியோ என்று நினைத்தேன்.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லண்ணே. போங்க."

"மணியம், காட்டு."

கையுறையை அவனால் சுலபமாகக் கழற்ற முடியவில்லை. நான் பார்த்ததை முழுதாக எழுதப் போவதில்லை. உள்ளங்கை நடுவில் குழி விழுந்திருந்தது. விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

"வலிக்கலயாடா?"

"அதாண்ணே தெரியல. அன்னிக்கும் சுடல. சாமிதான் காப்பாத்துச்சின்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா கொப்பளம். மஞ்சள் வச்சிக் கட்டுனேன். வெள்ளிக்குள்ள ஆறிடும்னு பாத்தேன்."

அவன் செருப்பில் ஆணி ஏறியதும் அவன் அறியாததும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மோட்டாரில் உட்கார வைத்து டவுன் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவன் வழியெல்லாம் துண்டால் கையை மூடியிருந்தான், லயத்து ஆட்கள் பார்த்துவிடக் கூடாதென்று. கிளினிக்கில் இளவயது மலாய் டாக்டர் ஒருத்தி விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். பிறகு அவனைக் கண்ணை மூடச் சொல்லி, புண்ணில்லாத இடது கையில் மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்தினாள். தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் "தெரியல" என்றான். கால்களில் குத்தினாள். அதற்கும் அதே பதில். அவனுக்கு இனிப்பு நீர். அந்தச் சர்க்கரை நோய் எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது, அவன் ஒருநாளும் சோதித்ததில்லை. உணர்ச்சி செத்துப்போன கையில் நெருப்பை வைத்திருக்கிறோம். உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரல் தங்குமா என்று அங்கேதான் சொல்வார்கள் என்றாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, வெள்ளிக்கெழம கைய கேப்பாங்க. முள்ளு குத்திடிச்சின்னு சொல்லிருங்க. செம்பன முள்ளு. எல்லாரும் நம்புவாங்க. சீழ் புடிச்சி ஆஸ்பத்திரில சேத்தாச்சின்னு சொன்னாப் போதும்."

"மணியம்..."

"என்னைய எலை போட்டு உக்கார வச்சாங்கண்ணே. பாத்தீங்கதானே."

செம்பனை முள் குத்திச் சீழ் பிடிக்காத ஆள் அந்த லயத்திலேயே இல்லை. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் காரியம். அவனுக்கு வீடும் பேரும் மிஞ்சும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மணியத்தின் கையில் கற்பூரம் சுடவில்லை என்று ஆகிவிடும். சுடவில்லை என்றால் அந்தச் சட்டம் சரி. சட்டம் சரி என்றால் அதே வெள்ளிக்கிழமை அஞ்சலை கையை நீட்ட வேண்டும். அவள் கையில் உணர்ச்சி இருக்கிறது. அவள் போட்டுவிடுவாள். இரண்டு பேரில் ஒருவரைத்தான் என் வாயால் காப்பாற்ற முடியும். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போதும் நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி மாட்டிக்கொள்ளும்போது யார் நல்லவர், யாருக்கு உதவலாம் என்று எடை போடாதீர்கள். அந்த எடையை நான் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். மணியம் எனக்குப் பழக்கம், அஞ்சலை அவ்வளவு பழக்கமில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் வேறொன்றைக் கேட்டுக்கொண்டேன். நடந்தது என்ன? எனக்குக் கண்ணால் தெரிந்தது என்ன? அதற்கு மட்டும் ஒரே பதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் முன்பைவிட அதிகம். அஞ்சலை தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு முனியாண்டி பக்கத்தில் நின்றாள். அவள் புருஷன் பின்னால் நின்றான். தட்டில் கற்பூரம் இருந்தது.

"மணியம் வரல" என்றார் தலைவர் என்னைப் பார்த்து. "நீதான் கூட்டிட்டுப் போனியாம். கை என்னாச்சு?"

"சூடம் சுட்டிருக்கு தலைவரே. ஈப்போல படுத்திருக்கான். வெரல் போயிரும் போல."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அப்ப அவந்தான் எடுத்திருக்கான்" என்று யாரோ சொன்னார்கள். "எலை போட்டு வேற உக்கார வச்சோம்."

"கேளுங்க" என்றேன். "அவனுக்கு இனிப்பு நீர். கையில ஊசி குத்துனாலும் தெரியாது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அவன் கீழ போடாம வந்ததும் சத்தியத்தால இல்ல, இப்ப புண்ணானதும் பொய்யால இல்ல. ரெண்டும் சீக்கு."

தலைவர் என் பக்கம் ஓரடி வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "சீக்கு எது, பொய் எதுன்னு சாமிக்குத் தெரியாதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"பொட்டு காணாமப் போனப்ப நான் எங்க இருந்தேன், தலைவரே?"

"ஈப்போல. தங்கச்சி மக கல்யாணம். எனக்கும்தானே பத்திரிகை வச்ச."

"அப்ப நான் எடுக்கல."

"நீ எப்படி எடுப்ப?"

"எல்லாருக்கும் அது தெரியும்தானே?" என்று கேட்டேன். தெரியும் என்றார்கள்.

தட்டிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து, விளக்கில் காட்டி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். முனியாண்டியின் பின்பக்கம்கூடப் போய்ச் சேரவில்லை. கத்திக்கொண்டே உதறிவிட்டேன். கற்பூரம் மண்ணில் விழுந்து அங்கேயே எரிந்தது. யாரோ ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் ஊற்றினார்கள்.

இதோடு அவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். படிக்காத எனக்கே புரிந்தது, அவர்களுக்குப் புரியாதா என்று நினைத்தேன்.

"பொட்ட நீ எடுக்கல, சரி" என்றார் தலைவர். "வேற என்ன பாவம் பண்ணியோ. முனியாண்டி அதக் கேட்டிருக்கு."

பலர் தலையாட்டினார்கள். ஊர் ஊராகச் சுற்றியவன், என்னென்ன செய்திருப்பானோ என்று அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கை சுட்டாலும் சுடாவிட்டாலும் சட்டம் மட்டும் தோற்காது என்றால், அதோடு யார் வழக்காட முடியும்?

அப்போதுதான் அஞ்சலை பேசினாள். அதுவரை அவள் குரலைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

"நான் கை நீட்ட மாட்டேன்."

"அஞ்சல, பேசாம இரு" என்றான் புருஷன்.

"நீங்க இருங்க. தலைவரே, பண்டாரமும்தான் உள்ள போனாரு. அவர் நீட்டட்டும். கோயில் சாவி ஒண்ணு ஒங்ககிட்டயும் இருக்கு. நீங்களும் நீட்டுங்க. கமிட்டிக்காரங்க நீட்டட்டும். எல்லாரும் நீட்டி முடிச்ச பொறவு கடைசில நான் நீட்டுறேன். மொதல்ல ஜெயிலுக்குப் போனவன், அப்பறம் கூட்டுறவ. இது என்னா சட்டம்?"

யாரும் கை நீட்டவில்லை. பண்டாரம் தன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தலைவர் கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அஞ்சலை கோயில் துடைப்பத்தை எடுத்து வந்து படியில் வைத்துவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். புருஷன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் பின்னால் போனான். யாரோ தட்டை எடுத்து உள்ளே வைத்தார்கள். அந்தக் கோயிலில் அதற்குப் பிறகு யார் கையிலும் கற்பூரம் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அஞ்சலை வீட்டோடு பலர் பேசுவதில்லை என்றும், அவர்கள் தெலுக் இந்தான் பக்கம் போய்விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

பழைய சட்டங்கள் நியாயமா என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். தண்டனை கடுமையா, லேசா என்று பார்த்துத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் அஞ்சலை கேட்டதைத்தான் பார்க்கிறேன். நெருப்பு எல்லாக் கையையும் ஒன்றுபோலத்தான் சுடும். அதை யார் கையில் முதலில் வைக்கிறார்கள், யார் கையில் கடைசிவரை வைப்பதே இல்லை? கழுமரத்தைப் பற்றிப் பேசும்போதும் அதைத்தான் கேட்க வேண்டும். அதில் ஏறியவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? இன்றைய சட்டத்தையும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதுவும் சில இடங்களில் தலைகுனியும்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. கோயில் விவகாரத்தில் காவலாளி தலையிட்டதாகப் புகார், சீருடையையும் மோட்டாரையும் ஒப்படைக்கவும் என்று இருந்தது. ஒப்படைத்துவிட்டு நடந்தேன். லோரி வந்தது, முதலிலேயே சொன்னேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் பிடித்து ஈப்போ போய், சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். மணியத்தின் வலது கையில் பெரிய கட்டு. இரண்டு விரல் போய்விட்டது. கை தங்கிவிட்டது. அவனுக்கு அதற்குள் எல்லாச் செய்தியும் வந்து சேர்ந்திருந்தது.

"முள்ளுன்னு சொல்லியிருக்கலாம்லா" என்றான். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லியிருக்கலாம்."

"என் சாமான வெளிய எடுத்து வச்சிட்டாங்களாம்."

"கேள்விப்பட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. கறிவாசனை அடித்தது. மணியம் என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான்.

"அது எதுக்குண்ணே? ஒங்கள யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"பைத்தியம்" என்றான். அவன் உதட்டோரம் லேசாக இழுத்தது. பிறகு கேட்டான், "நான் எடுத்தனா இல்லயான்னு நீங்க ஒரு தடவகூட கேக்கல."

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா நீ ஒண்ணு சொல்லுவ. நான் நம்பணும், இல்லாட்டி நம்பாம இருக்கணும். எனக்குத் தெரியாதுன்னு வச்சிக்கிறேன். அப்படியே இருந்துட்டுப் போறேன்."

நான் போகும்போது அவன் போர்வைக்கு வெளியே இடது கையை எடுத்து நீட்டினான். நானும் இடது கையைத்தான் கொடுக்க முடிந்தது. பொட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் காவலுக்கு ஆள் தேவை என்று எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். மேனேஜர் சீனர், என்னைவிட வயதில் மிகச் சிறியவர். மலாயில்தான் பேசினோம். முன்பு எங்கே வேலை செய்தாய், ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. கையில் என்ன கட்டு என்று மட்டும் கேட்டார். நெருப்பு என்றேன். சமைக்கும்போதா என்றார். அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு சட்டை கொடுத்தார். அப்போதே போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு படத்தையும் ஒட்டும் டேப்பையும் கொடுத்தார். கடைக் கேமராவிலிருந்து எடுத்த படம். ஒரு பெண், கையில் கூடை, முகம் பாதி திரும்பியிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் திருடி என்று மலாயில் அச்சடித்திருந்தது.

"இதை வாசலில் ஒட்டு. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும். அதுதான் உன் முதல் வேலை."

"போலீசில் கொடுத்தீர்களா, பாஸ்?"

"எதற்கு? ஒரு பால்மாவு டின். கேமராவில் தெரிகிறது, அது போதும்."

"முகம் எனக்கு ஞாபகம் இருக்கும், பாஸ். மறுபடியும் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒட்ட வேண்டாம்."

அவர் என் கையைப் பார்த்தார். "கை வலித்தால் சொல், வேறு ஆளை ஒட்டச் சொல்கிறேன்."

"கை வலிக்காகச் சொல்லவில்லை."

அவருக்கு யாரோ போன் செய்தார்கள். ஏதோ செய்துகொள் என்பது போலக் கையை வீசிவிட்டு உள்ளே போனார். நான் படத்தை இடது கையால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வாசல் பக்கத்துச் சுவரில் முன்பே ஒட்டிய முகங்கள் வரிசையாக இருந்தன. அவற்றை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். கடை திறந்தது.